கட்டை துளிர்த்துத் தந்த வேலி

எங்கள் காய்கறித் தோட்டத்தைச் சுற்றி இன்று 14 படல்கள், அதாவது கழிகளால் முடைந்த வேலித் தட்டிகள், நிற்கின்றன. ஒவ்வொன்றும் 6 அடி அகலமும் 4 அடி உயரமும் கொண்டது. ஆணியோ கம்பியோ இல்லாமல், வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து வளர்ந்த நீண்ட, மெல்லிய கொம்புகளான விளார்களை மட்டுமே கொண்டு அவற்றை முடைந்தேன். இவற்றுக்கு முன் முடைந்த 9 படல்கள் இப்போது இல்லை. சிலவற்றைக் கறையான் தின்றது, சில காய்ந்து தளர்ந்து அவிழ்ந்தன, ஒன்று இலை விட்டு வளரத் தொடங்கியது. மலேசியாவில், பினாங்கிலோ தீபகற்பத்தின் வேறு பகுதியிலோ தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் இந்த வேலையில் இறங்க நினைத்தால், அந்த 9 படல்களும் எனக்குச் சொல்லித் தந்தவை அவருக்குப் பயன்படும் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

படல் என்ற சொல்லை நான் முதலில் பாட்டியிடம்தான் கேட்டேன். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கெடாவிலுள்ள ரப்பர் தோட்டம் ஒன்றுக்கு வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் நான்கைந்து ஆடுகளை அடைத்திருந்த அடைப்பின் வாயிலில் தாத்தா ஒரு படல் கட்டியிருந்தார். மாலையானால் "படலைச் சாத்திட்டு வாடா" என்று பாட்டி என்னை அனுப்புவார். ஊரில் அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போடுவார்கள் என்றும், கீதாரிகள் படல்களை இடம் மாற்றி மாற்றி நிறுத்தி இரவில் மந்தையை அடைப்பார்கள் என்றும், ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் அடுத்த வெள்ளாமைக்கு எருவாகும் என்றும் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் படலை எப்படி முடைந்தார்கள் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. தமிழ்ப்பள்ளியில் 31 ஆண்டுகள் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, அதுவும் இங்கிலாந்தில் இருந்தபோதுதான், அந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது.

2018 நவம்பரில் மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் சவுத்தாம்ப்டனுக்குச் சென்று மூன்று மாதங்கள் தங்கினோம். அங்கிருந்து சிறிது தொலைவில், ஹாம்ப்ஷயர் மாவட்டத்துக் காடு ஒன்றில், படல் முடையக் கற்றுத்தரும் இரண்டு நாள் பயிற்சிக்கு மருமகன் என்னை அனுப்பி வைத்தார். அவர்கள் பயன்படுத்தும் மரத்தின் பெயர் ஹேசல். குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்த பிறகு அதைத் தரையோடு தரையாக வெட்டிவிடுகிறார்கள். கரும்பை வெட்டிய பின் அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு எழுவதைப் போலவே, வேனிலில் அந்தக் கட்டையிலிருந்து பல துளிர்கள் ஒன்றாகக் கிளம்புகின்றன. 7 அல்லது 8 ஆண்டுகள் கழித்து அவை விரல் பருமனிலிருந்து மணிக்கட்டுப் பருமன் வரையுள்ள நீண்ட, நேரான கழிகளாக நிற்கும்போது மறுபடி வெட்டுகிறார்கள். வெட்டாமல் விட்ட ஹேசல் சில பத்தாண்டுகளில் மூப்படைந்துவிடும். ஆனால் முறையாக வெட்டப்பட்டு வரும் கட்டையோ பல நூறு ஆண்டுகள் உயிரோடு இருக்கும்.

தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுகளில் ஒரு காலத்தில் இந்தப் படல்களால்தான் செம்மறி ஆடுகளை வயலில் அடைத்தார்கள். நிலத்துக்கு எரு சேர்வதற்காக அடைப்பை நாளுக்கு நாள் நகர்த்தினார்கள். படலின் நடுவில் ஒரு சிறிய இடைவெளி விட்டு முடைந்திருந்தார்கள். அதில் ஒரு கோலை நுழைத்து, மேய்ப்பர் பல படல்களை ஒன்றாக முதுகில் சுமந்து செல்வார் என்று பயிற்சி தந்த பெரியவர் விளக்கினார். பாட்டி சொன்ன கிடையும் கீதாரியும் எனக்கு அந்தக் குளிரில் நினைவுக்கு வந்தனர். ஐயாயிரம் மைல் தள்ளி, வேறு மரத்தில், வேறு மொழியில், அதே வேலை நடந்திருக்கிறது. அன்று தொடங்கிய பற்று இன்னும் என்னை விடவில்லை.

முடைவதற்கு முதலில் வேண்டியது ஓர் அடிக்கட்டை. ஏறக்குறைய 7 அடி நீளமுள்ள பாதி பிளந்த மரத்துண்டைத் தரையில் கிடத்தி, அதில் 8 அங்குல இடைவெளியில் 10 துளைகள் இட வேண்டும். ஒவ்வொரு துளையிலும் ஒரு கழியைச் செங்குத்தாக நிறுத்துகிறோம். இவையே படலின் கால்கள். அந்தக் கால்களுக்கு முன்னும் பின்னுமாக மாறி மாறி விளார்களை நுழைத்து அடுக்கிக்கொண்டே போகிறோம். மண்சுவர் எழுப்ப நம் முன்னோர் வரிச்சு கட்டினார்களே, அதே வரிச்சுதான் இங்கே கட்டப்படாமல் பின்னப்படுகிறது. துளைகள் நேர்கோட்டில் இருக்கக் கூடாது, நடுத் துளைகள் வெளிப்பக்கமாக ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ தள்ளி மெல்லிய வில் போல அமைய வேண்டும். வளைவாக முடைந்த படலைக் கழற்றித் தட்டையாகக் கிடத்திக் காயவிடும்போது அது தன்னைத்தானே இறுக்கிக்கொள்கிறது. என் முதல் அடிக்கட்டையை, எங்கள் நிலத்தில் காற்றுக்கு விழுந்த ரம்புத்தான் மரத்தில் செய்தபோது, இந்த வளைவை ஒரு அலங்காரம் என்று எண்ணி விட்டுவிட்டேன். அதில் முடைந்த படல்கள் காய்ந்ததும் கையால் அசைத்தாலே ஆடின.

முடைவதில் மிகக் கடினமானது ஓரம். விளார் கடைசிக் காலை அடைந்ததும் அதைச் சுற்றித் திரும்பி வந்த வழியே போக வேண்டும். அங்கே மடக்கினால் எந்தப் பச்சைக் கம்பும் ஒடிந்துவிடும். ஹாம்ப்ஷயரில் அந்தப் பெரியவர் காட்டியதை நான் அங்கே பாதிதான் புரிந்துகொண்டேன். மீதியை எனக்குப் புரிய வைத்தவர், இங்கே பினாங்குத் தீவின் பாலிக் புலாவில், இளமையில் தோட்டத்து மாட்டுக் கொட்டகையில் வேலை செய்த ஒரு தமிழ்ப் பெரியவர். வேலிக்கு அருகே நின்று நான் ஒடித்துக்கொண்டிருந்ததைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, மடக்குனா ஒடியும், முறுக்குனா வளையும். ஈர வேட்டியப் பிழியற மாதிரி முறுக்கு" என்றார். கடைசிக் காலுக்கு ஒரு சாண் முன்னதாக விளாரை இரு கைகளாலும் பிடித்து, பட்டை முனகி நார்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரியும் வரை முறுக்க வேண்டும். அப்போது அந்த ஒரு சாண் நீளம் கம்பாக இல்லாமல் கயிறாகிவிடுகிறது. கயிறு எந்தக் காலையும் சுற்றும். முறுக்கும் கையைத் தளரவிடாமலே சுற்றித் திருப்பி உள்ளே செருக வேண்டும். இது பேச்சால் வராது, ஐம்பது விளார்களையாவது ஒடித்தால்தான் கை பிடிபடும்.

2019 பிப்ரவரியில் ஊர் திரும்பியதும், நிலத்தின் பின்புறம் தானாக முளைத்துக் கிடந்த சவுண்டல் மரங்களில் பாராங் என்னும் வெட்டுக்கத்தியை வைத்தேன். மலாய்க்காரர்கள் பெத்தாய் பெலாலாங் என்று அழைக்கும் அந்த மரம் இங்கே எந்தத் தரிசிலும் வளரும், வெட்டினால் உடனே துளிர்க்கும். ஆனால் நான் எடுத்தவை துளிர்த்த விளார்கள் அல்ல, பழைய மரத்தின் கிளைகள். கிளை வெளிச்சத்தைத் தேடிப் பக்கவாட்டில் வளைந்து வளர்கிறது, அடிக்கடி கவைக்கிறது, ஒவ்வொரு கவையிலும் நார் திரும்பிவிடுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் எப்படி முறுக்கினாலும் ஒடியும். கட்டையிலிருந்து நெருக்கமாக எழும் துளிர்களோ, ஒன்றுக்கொன்று நிழல் தருவதால் பக்கக் கிளை விட இடமின்றி, மேலே மட்டுமே ஓடுகின்றன. அதனால்தான் அவை நேராகவும், கணு குறைந்தும், அடி முதல் நுனி வரை ஒரே சீரான நாரோடும் அமைகின்றன. படலின் தரம் முடையும் கையைவிட அந்தக் கட்டையில்தான் தீர்மானமாகிறது என்பது, இரண்டு வாரம் உழைத்து முடைந்த மூன்று கோணல் படல்களைப் பார்த்துக்கொண்டு நின்ற அன்றுதான் எனக்கு விளங்கியது.

அதன்பின் மரத்தைத் தேடினேன். நண்பர் ஒருவரின் பழத்தோட்டத்தில், டுரியானுக்கும் ஜாதிக்காய்க்கும் அப்பால், எல்லையோரமாக 40 கிளிரிசிடியா மரங்கள் இரண்டரை அடிக்கு ஒன்றாக நின்றன. முன்பு அங்கே கொக்கோ இருந்த காலத்தில் நிழலுக்கும் வேலிக்குமாக நட்டவை. இலங்கைத் தமிழர் இதைச் சீமைக்கிளுவை என்பார்கள். மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் சேர்ந்த இந்த மரத்தின் அறிவியற்பெயர் கிளிரிசிடியா செப்பியம். முதற்சொல்லுக்கு எலிக்கொல்லி என்று பொருள். அதன் பட்டையையும் விதையையும் எலிகளுக்கு நஞ்சாகப் பயன்படுத்தியதால் அந்தப் பெயர். இரண்டாம் சொல்லுக்கு வேலிகளுக்குரியது என்று பொருள். பெயரிலேயே வேலியைக் கொண்டிருக்கும் ஒரு மரத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு நான் சவுண்டலோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

தைப்பூசம் முடிந்து, பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலில் கூட்டம் கலைந்த பிறகு வரும் வாரங்களே வெட்டுவதற்கு எனக்கு உகந்த காலம். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை குறைவு. அப்போது வெட்டிய வாயில் பூஞ்சை பிடிப்பது குறைகிறது, சித்திரை மழை தொடங்கும் வேளையில் புதுத் துளிர்கள் நீரை ஏற்கத் தயாராக இருக்கின்றன. தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்று பலர் சொன்னார்கள். வளர்பிறையிலும் தேய்பிறையிலும் வெட்டிப் பார்த்தேன், எனக்கு வேறுபாடு தெரியவில்லை. மழை பெய்த மறுநாள் வெட்டியதற்கும் நான்கு நாள் வெயிலுக்குப் பின் வெட்டியதற்கும் உள்ள வேறுபாடு மட்டும் நன்றாகத் தெரிந்தது. இங்கிலாந்தில் தரையோடு வெட்டுவதைப் பார்த்து முதல் ஆண்டு நானும் அப்படியே வெட்டினேன். புல்லும் ஈரமும் மூடியதில் ஏழு கட்டைகள் அழுகிவிட்டன. இப்போது முழங்கால் உயரத்துக்கும் சற்று மேலே, ஏறக்குறைய 2 அடியில் வெட்டுகிறேன். பாராங்கால் ஓங்கி வெட்டினால் கட்டை பிளந்துவிடும் என்பதால் கைரம்பத்தால் அறுக்கிறேன். அறுத்த வாய் ஒருபக்கம் சரிந்து தண்ணீர் வழிந்தோட வேண்டும்.

இரண்டு வாரத்தில் கட்டையைச் சுற்றிப் பச்சை மொட்டுகள் வெடிக்கின்றன. சில கட்டைகளில் 30 துளிர்கள் வரை எண்ணியிருக்கிறேன். இரண்டாம் மாதத்தில் நோஞ்சான்களை மட்டும் கிள்ளி, கட்டைக்குப் பத்து, பன்னிரண்டு விட்டுவிடுகிறேன். அதைவிடக் குறைத்தால் இடம் கிடைத்த துளிர்கள் பருத்துக் கிளை விடத் தொடங்கும். கிள்ளிய இலைகளை நண்பரின் ஆடுகள் தின்கின்றன, மிச்சம் கத்தரிப் பாத்திக்குத் தழையுரமாகப் போகிறது. காற்றிலுள்ள நைட்ரஜனை வேரில் சேர்க்கும் மரமாதலால் அந்தத் தழை மண்ணுக்கு மிக நல்லது. பத்து அல்லது பதினோரு மாதத்தில் விளார்கள் 9 அடி நீளத்தை எட்டிக் கட்டைவிரல் பருமனுக்கு வந்துவிடுகின்றன. ஹேசலுக்கு ஏழாண்டு, இதற்கு ஓராண்டும் வேண்டாம். இந்த வேகத்துக்கு ஒரு விலையும் உண்டு: நடுவில் சோறு எனப்படும் மெத்தென்ற உட்பகுதி மிகுதி, மரம் மென்மை, ஆயுள் குறைவு. ஹேசல் படல் இங்கிலாந்தில் எட்டு முதல் பத்து ஆண்டுகள் நிற்கும். என் கிளிரிசிடியா படல்கள் மூன்று ஆண்டுகள் நின்றால் நான் நிறைவு கொள்கிறேன்.

ஒரு படலுக்கு 65 முதல் 70 விளார்கள் ஆகின்றன. அதாவது ஏழு கட்டைகளின் விளைச்சல். குளிர்நாட்டில் வெட்டிய கழியை வாரக்கணக்கில் போட்டு வைத்து முடைகிறார்கள். நம் வெயிலில் மூன்றாம் நாளே பட்டை சுருங்கி, முறுக்கும்போது உரிந்து வந்துவிடுகிறது. ஆகவே இரண்டு நாளில் முடைய முடிந்த அளவை மட்டும் வெட்டி, நிழலில் நனைந்த கோணிச் சாக்கால் மூடி வைக்கிறேன். 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, நண்பரின் தோட்டத்தில் வெட்டி அடுக்கி வைத்த இருநூறு விளார்களை எடுத்து வர முடியாமல் போனது. பல வாரங்கள் கழித்துப் போய்ப் பார்த்தபோது அடியில் மண்ணைத் தொட்டுக் கிடந்தவை வேர் விட்டிருந்தன, மேலே கிடந்தவை விறகாகியிருந்தன.

முடையும்போது அடியில் முதல் நான்கு வரிசைகளுக்கு மிக நீளமான, மெல்லிய, நன்றாக முறுங்கும் விளார்களை ஒதுக்கி வைக்க வேண்டும். அவை இரு ஓரங்களையும் சுற்றி வந்து பூட்டுப் போல நின்றால்தான், படலைத் தூக்கும்போது கால்கள் நழுவாது. மேல் விளிம்பின் கடைசி நான்கு வரிசைகளுக்கும் இதே விதி. நடுப்பகுதியில் பருமனானவற்றைப் பிளந்து பயன்படுத்தலாம். நுனியில் கத்தியை இறக்கிப் பிளவைத் தொடங்கி, பிளவு ஒருபக்கமாக ஓடத் தொடங்கினால் தடித்த பக்கத்தை அழுத்தி வளைக்க வேண்டும், பிளவு நடுவுக்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு புதிய விளாரையும் முந்தைய விளார் தொடங்கிய காலுக்கு அடுத்த காலில் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் இணைப்புகள் ஒரே இடத்தில் குவிந்து அங்கே படல் மடங்கும். எந்த விளாரின் முனையும் இரண்டு கால்களுக்கு நடுவே அந்தரத்தில் முடியக் கூடாது. ஒரு காலைத் தாண்டி இரண்டு அங்குலமாவது நீண்டு, அந்தக் காலின் மேல் சாய்ந்து நிற்க வேண்டும். ஐந்து வரிசைக்கு ஒருமுறை கொட்டாப்புளியால் மேலிருந்து தட்டி இறுக்குகிறேன். பச்சை விளார் காயும்போது மெலியும். இன்று கெட்டியாகத் தெரியும் பின்னலில் ஒரு மாதம் கழித்து விரல் நுழையும் என்பதை எண்ணிக்கொண்டு, இனி தட்ட முடியாது என்று தோன்றிய பிறகும் நான்கு அடி தட்டுவது என் வழக்கம். முதல் படலுக்கு எனக்கு இரண்டு நாள் முழுதாகத் தேவைப்பட்டது. இப்போது காலையில் தொடங்கினால் நண்பகல் உணவுக்குள் முடிகிறது.

இனி கால்களின் கதை. நல்ல விளார்கள் கையில் வந்த பிறகும், கால்களுக்குப் பச்சைக் கழிகளையே வைத்து முடைந்து, அவற்றின் கூர்முனையை நேரடியாக மண்ணில் அடித்து நிறுத்தினேன். ஈர மண்ணில் செருகிய கிளிரிசிடியா என்ன செய்யும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். நட்ட மூன்றாம் வாரம் ஒரு படலின் எட்டுக் கால்கள் துளிர்த்தன. துளிர்த்த கால்கள் பருத்து, உள்ளே பின்னியிருந்த வரிச்சைத் தள்ளிப் பிதுக்கிவிட்டன. மற்றப் படல்களில், நடும்போது காயம்பட்டுத் துளிர்க்காமல் செத்த கால்களைக் கறையான் அடியிலிருந்து ஏறித் தின்றது. ஓராண்டுக்குள் தரையோடு முறிந்தன.

நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டு அடுத்த முறை பக்காவ் என்னும் அலையாத்தி மரக் கழிகளை வாங்கிக் கால்களாக வைத்தேன். பேராக்கிலுள்ள மாத்தாங் சதுப்புக் காட்டில், 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டியும் நட்டும் பேணப்படும் மரம் அது. 15, 20 ஆண்டுகளில் இடைக் கழிப்பாக எடுக்கும் கழிகளைக் கட்டடங்களுக்கு அடியில் முளையாக இறக்குவார்கள். சேற்றுக்குள் நெடுங்காலம் கெடாமல் நிற்கும் அந்தக் கழி என் தோட்டத்தில் இரண்டு ஆண்டைத் தாண்டவில்லை. காரணத்தை நான் இங்கிலாந்திலேயே கேட்டிருந்தேன், பொருத்திப் பார்க்கத்தான் தவறிவிட்டேன். சோமர்செட் பகுதியின் சதுப்பு நிலத்தில், நடைபாதையாகப் பரப்பிய ஹேசல் படல்கள் 4000 ஆண்டுகளுக்குப் பிறகும் பின்னல் கலையாமல் கிடைத்திருக்கின்றன. நீர் நிறைந்த அந்தக் கரிச்சேற்றில் காற்று இல்லாததால் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் அங்கே வாழ்வில்லை. மண்ணும் காற்றும் ஈரமும் ஒன்றுகூடும் தரைமட்டத்தில்தான் மரம் அழுகுகிறது. ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் பினாங்கில் அந்த மூன்றும் ஆண்டு முழுவதும் கூடியே இருக்கின்றன. மண்ணைத் தொடும் செத்த மரம் எதுவாயினும் இங்கே நிற்காது என்பதை ஏற்றுக்கொண்ட பிறகே என் வேலி நிலைத்தது.

மண்ணைத் தொடுவது உயிருள்ள மரமாக இருக்கட்டும், செத்த படல் மண்ணைத் தொடாமல் அதன்மேல் தொங்கட்டும் என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு கட்டையிலும் ஒரு துளிரை வெட்டாமல் இரண்டு, மூன்று ஆண்டுகள் விட்டு வைத்தால் 2 அங்குலப் பருமனும் அதற்கு மேலும் உள்ள போத்துகள், அதாவது நட்டால் வேர் பிடிக்கும் கொம்புகள், கிடைக்கின்றன. அவற்றை 7 அடி நீளத்தில் வெட்டி, அடிமுனையைச் சரிவாகச் சீவி, ஏப்ரல் மழையின் தொடக்கத்தில் ஒன்றரை அடி ஆழக் குழியில், வளர்ந்த திசை மாறாமல், 6 அடிக்கு ஒன்றாக நட்டேன். வேர் பிடிக்கும் முன் படலைக் கட்டினால் காற்றில் படல் அசையும்போது இளவேர் அறுந்துவிடும் என்பதால் ஐந்து மாதம் காத்திருந்தேன். படலின் கால்களுக்கு இப்போது இரண்டாண்டுக் கழிகளைப் பட்டை உரித்து, நிழலில் இரண்டு மாதம் உலர்த்திய பிறகே பயன்படுத்துகிறேன். உலர்ந்த கழி துளிர்க்காது. படலைச் செங்கல் துண்டுகளின் மேல் 3 அங்குல உயரத்தில் நிறுத்தி, இருபுறமும் உயிர்க்கால்களோடு தேங்காய் நார்க் கயிற்றால் கட்டுகிறேன். இரும்புக் கம்பியால் கட்டிய இரண்டு உயிர்க்கால்களில், மரம் பருத்தபோது கம்பி பட்டைக்குள் புதைந்து, அதற்கு மேற்பட்ட பகுதி முழுவதும் காய்ந்துபோனது. கயிறு ஆண்டுக்குள் இற்றுவிடும் என்பது குறைபோலத் தோன்றினாலும், மரம் பருக்கும் வேகத்துக்கு அதுவே சரியான கட்டு.

மூங்கிலைப் பற்றி என்னிடம் பலர் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். மூங்கில் பிளாச்சுகளால் முடைந்த தட்டி அழகானது. ஆனால் மூங்கிலுக்குள் உள்ள மாவுச்சத்தைத் தேடி வரும் சிறுவண்டு, ஆறே மாதத்தில் அதை மாவாக உதிர்த்துவிடுகிறது. பக்கத்து மலாய்க் கிராமத்தைச் சேர்ந்த ஒரு பாக்சிக் (பெரியவர்), வெட்டிய மூங்கிலை ஓடையில் மூன்று வாரம் கல் வைத்து அமிழ்த்தி, பிறகு நிழலில் உலர்த்தும் தம் வீட்டு வழக்கத்தைக் காட்டினார். நாற்றம் கடுமையாக இருந்தாலும் வண்டு அண்டவில்லை. ஓடை இல்லாதவர்கள் போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைக்கலாம். மழை நேரடியாகப் படும் இடத்தில் அந்த மருந்து கரைந்து போய்விடும் என்பதால் கூரைக்கு அடியில் உள்ள தட்டிக்கே அது ஏற்றது. மூங்கிலைக் காலாக நிறுத்துபவர்கள் கணுவுக்குச் சற்று மேலே மட்டமாக அறுக்க வேண்டும். கணுவுக்கு வெகு மேலே அறுத்தால் அந்தக் குழாயில் மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும். டிங்கி நம் நாட்டில் எவ்வளவு பேரை வருத்துகிறது என்பது தெரிந்ததே. 1975 ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்கீழ் அதற்குத் தண்டமும் உண்டு.

இந்த வேலி கோழிகளையும் ஆடுகளையும் தடுக்கிறது. காட்டுப்பன்றியை அது தடுக்காது. மலையடிவாரத்தில் பன்றி வரும் இடமாயிருந்தால் வேறு ஏற்பாடு தேவை. குரங்குகளுக்கு இது ஏணி. ஆனால் அதிகாலையில் மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் சுமத்ராக் காற்றில், பக்கத்துக் காலிமனையில் யாரோ அடித்திருந்த தகர வேலி ஒரே இரவில் மடிந்து விழுந்தபோது, என் படல்கள் நின்றன. பின்னலின் இடைவெளிகளில் காற்று நுழைந்து வேகம் குறைந்து போவதால், படலுக்குப் பின்னால் இருந்த வெண்டைச் செடிகளும் சாயவில்லை. தகரத்துக்குப் பின்னால் காற்று சுழன்று விழும், படலுக்குப் பின்னால் அது தணிகிறது.

14 படல்களும் மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற வேண்டுமானால், ஆண்டுக்கு ஐந்து படல்கள் முடைய வேண்டும். அதற்கு ஏறக்குறைய 350 விளார்கள். நண்பரின் தோட்டத்தில் அழுகியவை போக 33 கட்டைகள் அதைத் தந்துவிடுகின்றன. ஆனால் அவர் நிலத்தை நான் என்றும் நம்பியிருக்க முடியாது. என் வேலியின் உயிர்க்கால்களையே 5 அடி உயரத்தில், படலின் விளிம்புக்கு மேலே, ஆண்டுதோறும் வெட்டி வருகிறேன். அவை தலையில் கொத்தாகத் துளிர்த்துக் காலுக்கு ஏழெட்டு விளார்கள் தருகின்றன; ஆண்டுக்கு ஒன்றரைப் படலுக்குத் தேறும். மீதிக்காகக் கடந்த ஆண்டு கிழக்கு எல்லையில், இரண்டடிக்கு ஒன்றாக, 25 போத்துகளை நட்டேன், 22 பிழைத்தன. வாங்கும் மரம் எதுவுமின்றி, தன் விளாரைத் தானே வளர்த்துக்கொள்ளும் வேலியாக இது முழுமையாக மாற இன்னும் இரண்டு வெட்டுகள் ஆகும்.

இந்த ஆண்டு தைப்பூசம் கழிந்த மறுவாரம் வடக்குப் பக்கத்து மூன்று படல்களைக் கழற்றினேன். வரிச்சு நொறுங்கத் தொடங்கியிருந்தது, கால்கள் இன்னும் உறுதியாக இருந்ததால் அவற்றை உருவி எடுத்துத் துடைத்து வைத்தேன். நொறுங்கியதை வாழைக்கு அடியில் பரப்பிவிட்டு, ஏழு கட்டைகளை அறுத்து, அன்று மாலைக்குள் விளார்களைச் சாக்கு போட்டு மூடினேன். ஆறு வயதுப் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். அவனுக்கு ஒரு மெல்லிய விளாரைக் கொடுத்து முறுக்கச் சொன்னேன். மூன்றை ஒடித்தான், நான்காவது பட்டை முனகியது.